மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஒரு வல்லரசு

நாடு வல்லரசாகிவிட்டது என்ற செய்தி வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் பொது மருத்துவமனையின் மொட்டைமாடி இயந்திர அறையில், முழங்கை வரை கிரீஸோடு, குந்தி உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. வார்டு ஊழியர் ஒருவர் ஆறு மாடிப் படியையும் ஏறி மூச்சிரைக்க வந்து, அரசு அறிவித்துவிட்டதாகவும் இனிமேல் நாமும் வல்லரசுதான் என்றும் சொன்னார். அதே மூச்சில் லிஃப்ட் எப்போது ஓடும் என்றும் கேட்டார்.

மெக்கானிக் கருகிய காயிலைத் தூக்கிக் காட்டினார். டீத்தூள் டப்பா அளவுதான் இருக்கும், மூன்று கிலோ எடை. லிஃப்டை அந்தரத்தில் இறுக்கிப் பிடித்திருப்பது பிரேக் என்றால், மின்சாரம் வந்ததும் அந்தப் பிடியைத் தளர்த்துவது இந்தக் காயில். இது செத்துவிட்டால் பிரேக் விடாது. பிரேக் விடாவிட்டால் லிஃப்ட் நகராது. செய்த கம்பெனியை மூடி முப்பது வருடமாகிறது. பழைய காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றி இரண்டு முறை மாட்டிப் பார்த்துவிட்டார். இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் புகைந்துவிட்டது.

மற்ற லிஃப்டாக இருந்தால் அவர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். இந்த மருத்துவமனையின் நான்காவது மாடியில் அவருடைய அக்கா படுத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு ஒன்பது நாளாகிறது. இடுப்பெலும்புக்காரர்களை உட்கார வைத்துத் தூக்கக் கூடாது. படுக்கவைத்துத் தூக்கினால் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டின் திருப்பத்தில் திரும்பாது. ஆக, பதிவேட்டின்படி அக்கா குணமாகி வீட்டில் இருந்தார். உடம்பு மட்டும் நான்காவது மாடியில் இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்பதால், இப்படிப் போகாமல் போன பதினோரு பேரும் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாளில் இருநூறு கிலோமீட்டர் நின்றுகொண்டே போய்ப் பழகிய உடம்பு. தம்பி வந்து நின்றதும், "என்னடா, நாடு எங்கேயோ மேல போயிடுச்சாமே. என்னைக் கொஞ்சம் கீழ இறக்கி விடுடா" என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னதுதான் மெக்கானிக்குக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கறுப்புக் காரில் வந்த இரண்டு பேர், கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும், அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்பதற்கு இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். தேசிய எழுச்சித் திருப்புமுனைகள் ஆணையம் அவரை அழைத்திருந்தது.

இந்த ஆணையம் உருவான காரணம் எளிமையானது. வல்லரசாகிவிட்டோம் என்று அறிவித்த பிறகுதான், எப்படி ஆனோம் என்று எழுதிவைக்கவில்லையே என்பது சிலருக்கு உறைத்தது. பக்கத்து நாட்டுக்காரன் தன் வரலாற்றில் பதினான்கு திருப்புமுனைகள் இருப்பதாகப் புத்தகமே போட்டிருந்தான். நம்மிடம் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. ஒரு குறைவோடு பாடப்புத்தகம் அச்சுக்குப் போகக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஏழு மாடிக் கட்டடம், முந்நூறு ஊழியர்கள். திருப்புமுனைக்கு முந்தைய நிலைமைகளுக்கு ஒரு பிரிவு, பிந்தைய விளைவுகளுக்கு ஒரு பிரிவு, திருப்பத்துக்கு மட்டும் தனிப் பிரிவு.

காத்திருப்புக் கூடத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. ஆளுக்கொரு கோப்பு மடியில் வைத்திருந்தார்கள். மெக்கானிக்குக்கு வலப்பக்கம் இருந்தவர், தன் சித்தப்பா ஒரு தளபதிக்கு மழையில் குடை பிடித்ததாகவும், பிடிக்காமல் இருந்திருந்தால் தளபதிக்கு ஜலதோஷம் பிடித்து எல்லைப் போர் கை நழுவியிருக்கும் என்றும் சொன்னார். இடப்பக்கத்து அம்மாள் தன் மாமனார் பிற்பாடு மந்திரியான ஒருவரை, அவர் பெண் பார்க்க வந்த இடத்தில் வேண்டாம் என்று சொன்னதால்தான் அவர் மனம் வெறுத்து அரசியலுக்கு வந்தார் என்பதற்கு மூன்று சாட்சிகளைக் கூட்டி வந்திருந்தார். மெக்கானிக் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி வரிசை மொத்தமும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியது. அவர் காலை ஆட்டினால் குடைக்காரரும் சேர்ந்து ஆடினார்.

நான்கு மணி நேரம் கழித்து துணைச் செயலாளர் அம்மையார் அவரை உள்ளே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு பழைய கோப்பு இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு வெளியுறவு அலுவலகத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஞாபகம் இல்லாமல் என்ன? அன்றைக்கு அதைக் கீழே இறக்கியதே அவர்தான். உள்ளே இரண்டு பேர் மாட்டியிருந்தார்கள். ஒருவர் நம்முடைய வணிகச் செயலாளர், இன்னொருவர் அப்போதைய பெரிய நாட்டின் தூதர். அந்தக் காலத்தில் அந்தத் தூதர் தும்மினால் நம் மந்திரிகள் கைக்குட்டையோடு ஓடுவார்கள். துறைமுகம் முழுவதையும் தன் நாட்டுக்கு எழுதி வாங்கத்தான் அன்று வந்திருந்தார். லிஃப்டிலிருந்து வெளியே வந்த தூதர், துறைமுகம் எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பல்கள், கப்பல்களிலிருந்து காசு, காசிலிருந்து வல்லரசு. இதுதான் பதினான்காவது திருப்புமுனை என்று ஆணையம் கண்டுபிடித்திருந்தது.

ஒரே ஒரு சிக்கல் இருப்பதாக அம்மையார் சொன்னார். லிஃப்ட் ஏன் நின்றது?

கதவுப் பக்கத்து இணைப்பு ஒன்று துருப்பிடித்து நைந்திருந்தது, அதனால் நின்றது என்றார் மெக்கானிக். அம்மையார் தலையை அசைத்தார்.

"தானா நின்னா அது விபத்துங்க. விபத்தால ஒரு நாடு வல்லரசு ஆகக் கூடாது. பாடப்புத்தகத்துல எப்படிப் போடறது? யாராவது வேணும்னே நிறுத்தியிருக்கணும்."

தான் நிறுத்தவில்லை என்று மெக்கானிக் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மையார் கோப்பிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் மெக்கானிக்கின் கையெழுத்து. அந்த இணைப்பை மாற்றாவிட்டால் லிஃப்ட் வழியில் நின்றுவிடும் என்று மூன்று மாதம் முன்பிலிருந்தே அலுவலகத்துக்கு எழுதியவை. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

"பாருங்க. இந்த லிஃப்ட் நிக்கப் போகுதுன்னு மூணு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இதுக்குப் பேர்தான் தொலைநோக்கு."

மாற்றச் சொல்லித்தானே எழுதினேன் என்றார் மெக்கானிக். மாற்றாமல் விட்டதில் அரசின் தொலைநோக்கும் கலந்திருக்கிறது என்று அம்மையார் குறித்துக்கொண்டார். என்ன நடந்தது என்பது தங்களுக்கும் தெரியும், ஆனால் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத்தான் முந்நூறு பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்றும் விளக்கினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

அடுத்து ஆணையத் தலைவரைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். தலைவர் வேறு யாருமில்லை, அன்றைக்கு லிஃப்டுக்குள் இருந்த அதே வணிகச் செயலாளர். ஆறாவது மாடியில் இருந்தது அவர் அறை. அந்த அறையின் இரண்டு கதவுகளும் ஐந்து ஜன்னல்களும் விரியத் திறந்து ஆப்பு அடித்து வைக்கப்பட்டிருந்தன. வெளிப்படையான நிர்வாகம் என்பதற்கு இது அடையாளம் என்று வாசலில் பலகை தொங்கியது. காற்று சுழன்று அடித்ததில் காகிதங்கள் பறக்க, அவற்றைப் பிடிப்பதற்கென்றே இரண்டு உதவியாளர்கள் அறைக்குள் குனிந்தபடி ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஆறு மாடியும் தினம் படியேறித்தான் வருவார், அவ்வளவு கட்டுப்பாடான மனிதர் என்று ஒருவர் ஓடிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

மெக்கானிக்குக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அன்றைக்கு நான்காம் மாடிக் கதவை ஒரு சாண் நெம்பித் திறந்து அவர் குனிந்து பார்த்தபோது, லிஃப்டின் தரையில் செயலாளர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார். மூச்சு முட்டுது, செத்துடுவேன் என்று புலம்பினார். பக்கத்தில் தூதர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து வெளியே வந்த பிறகும் தூதர் அந்தக் கையை விடவில்லை. இவ்வளவு பயந்த மனிதனிடம் துறைமுகத்தைப் பிடுங்க அவருக்கு மனசு வரவில்லை. தூதர் இறந்து ஏழு வருடமாகிறது. இதைப் பார்த்த கண்கள் உலகத்தில் இப்போது மெக்கானிக்குடையவை மட்டும்தான்.

தலைவர் உதவியாளர்களை வெளியே அனுப்பினார். கதவுகளைச் சாத்தவில்லை. மெக்கானிக்கை நிமிர்ந்து பார்க்காமல், அன்று தான் தூதரிடம் உறுதியாகப் பேசியதை மெக்கானிக் கதவிடுக்கு வழியாகக் கேட்டதாக எழுதியிருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். பதினாறு பக்கம். மெக்கானிக்குக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு உதவி வேண்டும் என்றார். வெளியுறவு அலுவலக லிஃப்டும் மருத்துவமனை லிஃப்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். அந்த லிஃப்டை இப்போது யாரும் உபயோகிப்பதில்லை. அதன் பிரேக் காயில் கிடைத்தால் நான்காவது மாடியில் பதினோரு பேர் வீட்டுக்குப் போவார்கள்.

தலைவர் முகம் வாடிப்போனது. போன வாரம்தான் அந்த லிஃப்டைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்திருந்தார்கள். அதிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றினாலும் ஏழு வருடம் சிறை.

"அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான் தம்பி," என்றார். "எனக்கே அதுல வழி தெரியல."

மறுநாள் செய்தித்தாள்களில் மெக்கானிக்கின் படம் வந்தது. நாட்டை நிமிர்த்த லிஃப்டை நிறுத்தியவர், அவருக்குப் பதக்கம் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, மின்தூக்கிப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கனத்த உடம்பு, களைத்த முகம். கையில் நோட்டீஸ். பயணிகள் உள்ளே இருக்கும்போது லிஃப்டை வேண்டுமென்றே நிறுத்தியதாக ஆணையத்தின் அறிக்கையிலிருந்தே தெரியவருவதால், அவருடைய உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. மேற்படி குற்றத்துக்காகவே தனக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறார்களே என்று மெக்கானிக் கேட்டார். அது வேற டிபார்ட்மெண்ட் என்றார் ஆய்வாளர். தானும் அந்தச் செய்தியைப் படித்ததாகவும், படித்தபோது தனக்கு மெய்சிலிர்த்ததாகவும் சொல்லிக் கை குலுக்கிவிட்டு, நோட்டீசின் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மதியம் அக்காவுக்குக் காய்ச்சல். நூற்றொன்று. வீட்டுக்குப் போய்விட்டவருக்கு மருத்துவமனையில் எப்படிக் காய்ச்சல் பார்ப்பது என்று நர்ஸ் தயங்கி, பிறகு யாருக்கும் தெரியாமல் பக்கத்துக் கட்டில் பெயரில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மெக்கானிக் நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சட்டைப்பையிலிருந்த திருப்புளியை எடுத்து எடுத்து உள்ளே போட்டார்.

இதற்கிடையில் ஆணையம் அடுத்த படிக்குப் போயிருந்தது. பதினான்காவது திருப்புமுனையை அப்படியே நடித்துக் காட்டி நாடு முழுக்க நேரலையில் ஒளிபரப்புவது என்று தீர்மானம். அதே லிஃப்ட், அதே இரண்டு மாடிகளுக்கு நடுவே, அதே ஐம்பத்திரண்டு நிமிடம். தூதராக நடிக்க நாடகக் குழு ஒன்றிலிருந்து உயரமான ஆள் ஒருவரைப் பிடித்திருந்தார்கள். தலைவராகத் தலைவரே. வேறு யாரையாவது போடலாமே என்று தலைவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். எளிமை காரணமாகத்தான் மறுக்கிறார் என்று கூட்டத்தில் எல்லோரும் கை தட்டியதால், ஏன் முடியாது என்று அவரால் சொல்லவே முடியவில்லை. லிஃப்டை நிறுத்துவது மெக்கானிக்கின் பொறுப்பு. உரிமம் இல்லையே என்று அவர் நினைவூட்டினார். லிஃப்டை ஓட்டத்தான் உரிமம் வேண்டும், நிறுத்துவதற்கு வேண்டாம் என்று சட்டப் பிரிவு கருத்து எழுதியிருந்தது.

விழா நாளில் வெளியுறவு அலுவலகத்தின் கூடத்தில் மந்திரிகளும் வெளிநாட்டு விருந்தினர்களும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்டுக்குள் ஒரு கேமரா, ஒரு மைக். மெக்கானிக் மேலே இயந்திர அறையில் இருந்தார். வாசலில் ஒரு காவலர், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. உள்ளே இருப்பதில் எது வெளியே போகலாம் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு லிஃப்ட் கிளம்பியது. மூன்றைத் தாண்டியதும் மெக்கானிக் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். பிரேக் கவ்விப் பிடித்தது, லிஃப்ட் நின்றது. அந்த அறையின் அமைதியில் அவர் பார்வை காயிலின் மேல் போய் நின்றது. மின்சாரம் இல்லை. பிரேக் இறுகியிருக்கிறது. இந்த லிஃப்ட் இனி ஒரு முறை கீழே இறங்கினால் போதும். அதற்குப் பிறகு அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டப்போகிறார்கள். கீழே இறக்கக் காயில் வேண்டாம். கைநெம்புகோலால் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஆறு நிமிடத்தில் மூன்றாம் மாடி வந்துவிடும். நான்கு போல்ட், இரண்டு ஒயர். அரை மணி நேர வேலை.

ஏழு வருடம் என்று நினைத்தார். பிறகு நூற்றொன்று என்று நினைத்தார். ஸ்பானரை எடுத்தார்.

இரண்டு போல்ட் சுலபமாக வந்துவிட்டது. மூன்றாவது துரு. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த டெலிபோன் மணியடித்தது. லிஃப்டுக்குள்ளிருந்து நேராக இங்கே வரும் பழைய டெலிபோன். தலைவர். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"தம்பி, என்னால முடியல. இறக்கி விடு."

மெக்கானிக் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். இப்போது இறக்கினால் கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க இங்கே வந்துவிடும். இறக்காவிட்டால் அந்த மனிதர் அங்கே துடிப்பார். அக்காவின் காய்ச்சலும் இந்தக் குரலும் ஒன்றையொன்று இழுத்தன. பொய் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"ஐயா, நான் காயிலக் கழட்டிக்கிட்டிருக்கேன். ரெண்டு போல்ட் மிச்சம். எங்க அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன், உடனே இறக்கிடறேன். நீங்க சொல்லுங்க."

 மறுமுனையில் தலைவர் அழ ஆரம்பித்தார். மெக்கானிக் கையை நிறுத்திவிட்டு, பத்தொன்பது வருடத்துக்கு முன்பு சொன்ன மாதிரியே, கதவிடுக்கில் முகத்தை வைங்க ஐயா, அங்கே காற்று வரும் என்றார். தூதராக நடித்தவருக்கு வசனம் எதுவும் கொடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்து மனம் மாறினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அந்த ஆள் தலைவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்காததை அவர் செய்தார்.

கூடத்தின் பெரிய திரையில் இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டெலிபோனில் மெக்கானிக் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் பேசியது நாடு முழுவதற்கும் கேட்டது.

"அன்னிக்கும் நான்தான் அழுதேன் தம்பி. நான் ஒண்ணும் பேசல. ஒரு வார்த்தை பேசல. அவர்தான் பாவம்னு விட்டுட்டுப் போனார்." பிறகு ஒரு நீண்ட மூச்சு. "கழட்டு. சட்டம் கிடக்கட்டும். நான் பொறுத்துக்கறேன். நீ கழட்டு தம்பி, கழட்டு."

கூடத்தில் யாரும் அசையவில்லை. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் மூத்த மந்திரி சட்டென்று எழுந்து நின்றார். காலில் எறும்பு கடித்ததால் எழுந்தார் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்த பிறகு சும்மா நிற்க முடியாதே, கை தட்டினார்கள். அறிவிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடிமைத் தளைகளைக் கழற்று என்று தலைவர் நாட்டுக்கு விடுத்த அறைகூவலை நாம் கேட்டோம் என்றார். சாயங்காலத்துக்குள் "கழட்டு" என்ற சொல் சுவரொட்டிகளில் வந்துவிட்டது. வல்லமை வாய்ந்த எதிரியைக் கண்ணீரால் வெல்லும் ராஜதந்திரம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை திறக்க உத்தரவானது. துணைச் செயலாளர் அம்மையார் அன்றைக்கே கோப்பில் திருத்தம் எழுதினார்: அழுகை திட்டமிட்டது.

தலைவர் ஐம்பத்திரண்டு நிமிடமும் தாங்கினார். அதற்குள் மூன்றாவது போல்ட் வந்து, நான்காவதும் வந்தது. மெக்கானிக் காயிலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். நெம்புகோலால் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடிக்கு இறக்கினார். படியில் அவர் இறங்கி வரும்போது தலைவர் ஒரு ஜன்னலில் தலையை வெளியே நீட்டி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் மாலைகள், கேமராக்கள். தலைவர் திரும்பி மெக்கானிக்கின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதக்கம் வாங்க மெக்கானிக் மேடைக்கு வரவில்லை. தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் மூன்று கிலோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது தன்னைப் பிடிக்க ஏறுகிறார்களா என்று பார்த்தார். ஏறியவர்கள் எல்லோரும் இடம் பிடிக்கத்தான் ஏறினார்கள். மருத்துவமனையில் கண்காணிப்பாளர் வழிமறித்தார். உரிமம் போனவரை இயந்திர அறைக்குள் விட முடியாது என்று முதலில் சொன்னார். பிறகு நெற்றியைத் தடவி யோசித்தார். வல்லரசு அறிவிப்புக்காகப் போன மாதம் புள்ளிவிவரம் கேட்டபோது, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

"நல்லா ஓடற லிஃப்ட நீங்க எப்படிங்க ரிப்பேர் பண்ண முடியும்?" என்றார். "அதனால நீங்க ஒண்ணும் பண்ணல. போய்ப் பண்ணுங்க."

நாலே கால் மணிக்கு இயந்திரம் உறுமியது. பிரேக் விட்டது. காலியாக ஆறு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக் நான்காவது மாடிக் கதவைத் திறந்தார். நர்ஸும் வார்டு ஊழியரும் அக்காவை ஸ்ட்ரெச்சரோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் இன்னும் விடவில்லை, முகம் சிவந்திருந்தது. ஆனாலும் படுத்தபடியே தலையைத் தூக்கி, பின்னால் முண்டிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க, அடுத்த டிரிப் இருக்கு" என்றார். கூட்டம் கட்டுப்பட்டு நின்றது.

லிஃப்ட் இறங்கும்போது அக்கா தம்பியின் கையைப் பார்த்தார். போல்ட்டோடு மல்லுக்கட்டியதில் விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. காயில் எங்கேயிருந்து கிடைத்தது என்று கேட்டார். தேசிய நினைவுச்சின்னத்திலிருந்து என்றார் அவர்.  பிடித்துவிட்டால் என்ன செய்வாய் என்று அக்கா கேட்டதற்கு, தெரியவில்லை என்றார். கீழே கதவு திறந்து வெளிக்காற்று முகத்தில் பட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "சரி, போய் மத்தவங்களையும் இறக்கு. ஜெயில்னா சாப்பாடு நான் கொண்டு வர்றேன்" என்றார்.

ஏழாவது நடைக்காகக் கீழே வந்து கதவைத் திறந்தபோது பாதுகாப்பு இயக்ககத்தின் ஆய்வாளர் எதிரே நின்றிருந்தார். ஒரு கையில் மடித்த நோட்டீஸ், இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை.  

ஆய்வாளர் முதலில் வாயைத் திறந்தார். உரிமம் இல்லாத ஒருவர் இந்த லிஃப்டை ஓட்டுவதைத் தான் பார்த்துவிட்டால் வழக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். சொல்லிவிட்டுப் படிக்கட்டை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வீட்டுக்காரிக்கு ஐந்தாவது மாடியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளாக, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தாத்தானே எழுதணும்," என்றார் மெக்கானிக்.

ஆய்வாளர் நோட்டீசைச் சட்டைப்பைக்குள் வைத்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடினார். சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். மெக்கானிக் கதவைச் சாத்தி ஐந்தை அழுத்தினார்.

"போகுதா?" என்று கேட்டார் ஆய்வாளர், கண்ணைத் திறக்காமல்.

"போகுதுங்க."